பொருள்: ‘அருளிக்கப் பேழை’ போதுமா, வேறு சொல் உண்டா?

[தூத்துக்குடி]
அனைவருக்கும் வணக்கம். கோவாவுக்குத் திருப்பயணம் போகும் எங்கள் பங்கு மக்களுக்காகப் புனித சவேரியார் வரலாற்றைக் கையேடாகப் போடுகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கவேண்டும். புனிதரின் உடலோ எலும்போ, அதாவது அருளிக்கம், வைத்திருக்கும் கலத்துக்குப் பொதுப்பெயர் ஒன்று வேண்டும். பொம் ஜேசு பேராலயத்தில் இருப்பது கோவாத் தட்டார்கள் செய்த பெரிய வெள்ளிப் பெட்டி. ரோமில் ஜேசு ஆலயத்தில் இருப்பது 1614-இல் வெட்டி அனுப்பிய வலது முன்கையைத் தாங்கிய கலம். பங்குகளுக்குக் கொண்டுவருவதோ உள்ளங்கையில் அடங்கும் வட்டச் சிமிழ். முன்னால் கண்ணாடி, பின்னால் சிவப்பு நூல் கட்டி அரக்கு முத்திரை. மூன்றுக்கும் ‘அருளிக்கப் பேழை’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

[தஞ்சாவூர்]
ஐயா, ‘அருளிக்கம்’ என்பது அயல் ஒலிக்கு ‘அருள்’ என்ற சட்டை மாட்டியது. ‘reliquiae’ என்ற லத்தீன் மூலத்துக்கு ‘எஞ்சியவை’ என்றே பொருள். எஞ்சு, எச்சம்! பெயரெச்சம், வினையெச்சம் என்று இலக்கணத்திலேயே இருக்கிறது. ‘அவரவர் எச்சத்தாற் காணப் படும்’ என்கிறார் வள்ளுவர். உரைகாரர்கள் மக்கட்பேறு என்றும் புகழ் என்றும் விரிப்பது, இறந்தபின் நிற்பது என்ற அடிப்பொருளால்தான். ‘திருவெச்சம்’, ‘திருவெச்சப் பேழை’ எனலாம். வீரமாமுனிவர் தேம்பாவணியில் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையை ‘வளன்’ ஆக்கியதும் பொருளைப் பிடித்துத்தான்.

[சென்னை]
தம்பி, இன்றைக்கு எச்சம் என்றால் காக்கை எச்சம்தான் நினைவுக்கு வரும். முத்தமிடக் குனிகிறவர் காதில் அந்தச் சொல் விழலாமா? வளன் அழகான பெயர், ஆனால் கடற்கரை ஊர்களில் இன்றும் சூசையப்பர்தான். ‘என்புப் பேழை’ என்றால் என்ன? ‘என்பும் உரியர் பிறர்க்கு’ குறளில் இருக்கிறது. மயிலையில் பூம்பாவையின் எலும்பைக் குடத்தில் காத்துவைத்துச் சம்பந்தர் முன் கொண்டுவந்த கதையும் உண்டு. அதே மயிலையில் சாந்தோமில் இயேசுவின் சீடர் தோமையாரின் எலும்புத் துண்டு இருக்கிறது. ஒரே மண்ணில் இரண்டு மரபிலும் எலும்பு போற்றப்பட்டிருக்கிறது.

[யாழ்ப்பாணம்]
அக்கா, துணியும் அருளிக்கம்தானே? புனிதர் உடுத்த அங்கித் துண்டு வைத்த சிமிழை என்புப் பேழை என்று எப்படிச் சொல்வது? எங்கள் பக்கம், புனித எலும்பு போன்றவற்றை உள்ளே வைத்துக் கட்டிய புத்த விகாரைகளின் ‘தாதுகோபுரம்’ எல்லாருக்கும் தெரிந்த சொல். தாதுப்பேழை?

[தஞ்சாவூர்]
தாது வடசொல். பள்ளிப் பிள்ளைக்கு அது இரும்புத்தாது, அல்லது மகரந்தம்.

[மணப்பாடு]
இந்த வழக்கைச் சவேரியாரே பார்த்திருக்கிறார். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, ஊர்க்காரர்களை வைத்து மன்றாட்டுகளைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். பிறகு உடன்பணியாளர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் சொல்கிறார்: விசுவாச மந்திரத்தில் ‘வேணும்’ என்று போட்டிருக்கிறோம், அது விருப்பத்தைச் சொல்வது, ‘விசுவாசம்’ என்று மாற்றுங்கள். பொருள் தவறியபோது மாற்றினார். மாற்றிப் போட்டதும் மக்கள் வாயில் நின்ற சொல். நம் சொல்லில் பொருள் தவறவில்லையே!

[தஞ்சாவூர்]
அந்த ‘விசுவசிக்கிறேன்’ இன்று திருப்பலியில் ‘நம்புகிறேன்’ ஆகிவிட்டதே, ஐயா. மக்கள் பழகிக்கொள்ளவில்லையா?

[சென்னை]
பழகினோம். ‘நம்பு’ ஏற்கெனவே வீட்டில் புழங்கிய சொல். திருவெச்சம் அப்படியா?

[தூத்துக்குடி]
எல்லாருக்கும் நன்றி. பெரும்பாலோர் வேறு வழியில்லாமல் பேழைப் பக்கம் வந்திருக்கிறீர்கள். ‘அருளிக்கப் பேழை’ என்றே அனுப்புகிறேன். சிறியதை மட்டும் ‘அருளிக்கச் சிமிழ்’ என்று பிரித்துவிட்டேன். உள்ளங்கைப் பொருளைப் பேழை என்று எழுத மனம் வரவில்லை. ஆகப் பொதுப்பெயர் இன்னும் கிடைக்கவில்லை.

[தஞ்சாவூர்]
என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். இரண்டாம் பதிப்பு எப்போது?