ஊட்டுவடத்தில் மெலியும் சிக்னலுக்கு என்ன சொல்?

பொள்ளாச்சி, ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். அமெச்சூர் வானொலி உரிமத் தேர்வுக்கான தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். செட்டிலிருந்து ஆன்டெனாவுக்குச் செல்லும் ஊட்டுவடத்தில் சிக்னல் குறைவதைச் சென்ற பதிப்பில் 'கசிவு' என்று எழுதியிருந்ததால், மாணவர்கள் கேபிளின் மேலுறையில் ஓட்டை தேடுகிறார்கள். மலிவான ஆர்ஜி-58 வடம் 30 மீட்டர் ஓடினால் 145 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 6 டெசிபெல் (திறன் எத்தனை மடங்கு மாறியது என்பதைச் சொல்லும் அலகு; 6 குறைந்தால் கால் பங்கே மிஞ்சும்) குறைகிறது. 5 வாட் அனுப்பினால் ஒன்றேகால் வாட்தான் மேலே போய்ச் சேரும். மீதி வெளியே ஒழுகவில்லை. பெரும்பாலும் செம்பிலும் மின்காப்பிலும் வெப்பமாகவே தீர்கிறது. நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

ஈரோடு, புலவர்:
வள்ளுவர் தந்த சொல் இருக்கிறது. 'ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை போகாறு அகலாக் கடை' (478). பொருள் வரும் வழி ஆகாறு, செலவாகும் வழி போகாறு. நமக்கு உட்செலுத்தும் திறன் ஆகாறு, வழியில் கழிவது போகாறு. இதைப் 'போகாத ஆறு' என்று மயங்க இடமில்லை. போகா என்னும் எதிர்மறையோடு ஆறு புணர்ந்தால் வகர உடம்படுமெய் தோன்றிப் 'போகாவாறு' என்றாகும். இங்கே நிலைமொழி 'போகு'. உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

திருப்பூர், வானொலி அன்பர்:
இலக்கணம் சரிதானுங்க ஐயா. ஆனால், 'போகாறு 6 டெசிபெல்' என்று நொய்யல் கரையில் சொன்னால், அது எந்த ஊர் ஆறு என்றுதான் கேட்பார்கள். 'சேதாரம்' என்று வைக்கலாமே? நகைக்கடை பில் பார்த்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஈரோடு, புலவர்:
சேதம் வடசொல். மேலும், சேதாரத்துக்கு உரியவர் காசு வாங்குகிறார். வடத்தில் போன திறனை வாங்கிக்கொள்பவர் யார்?

கோவை, பொறியாளர்:
ஐயா, சொல்லின் பிறப்பைவிட அது எதை எதனிடமிருந்து பிரிக்கிறது என்பதே எனக்குக் கவலை. பொருத்தம் இல்லாத ஆன்டெனாவிலிருந்து அலை திரும்புவது வேறு, வடத்தின் நீளமெங்கும் அலை நலிவது வேறு. 'இழப்பு' என்று எழுதினால் இரண்டும் அதற்குள் அடங்கிவிடும். மேற்சொன்ன 30 மீட்டர் வடத்தின் மறுமுனையில் ஆன்டெனாவையே கழற்றிவிட்டு அலை முழுதும் திரும்பினாலும், போகும்போது 6, திரும்பும்போது 6 என 12 டெசிபெல் குறைந்து வருவதால், கீழே உள்ள மீட்டர் நிலையலை விகிதத்தை (அலை எவ்வளவு திரும்புகிறது என்பதன் அளவு; ஒன்றும் திரும்பாவிட்டால் 1) 1.7 அளவில்தான் காட்டும். மாணவரோ எல்லாம் சரியாக இருக்கிறது என்று மகிழ்வார். வடம் எவ்வளவு மட்டமோ அவ்வளவு அழகாக மீட்டர் காட்டும் என்பதை விளக்க, இருவழியிலும் படிப்படியாகக் குறைவதைச் சுட்டும் சொல் வேண்டும். 'மெலிவு' என் பரிந்துரை. அதே வடம் 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு டெசிபெல்லுக்குச் சற்று மேல்தான் மெலிவிக்கும் என்று வினையாகவும் எழுதலாம்.

ஈரோடு, புலவர்:
மெலித்தல் செய்யுள் விகாரத்துள் ஒன்று. வல்லெழுத்து மெல்லெழுத்தாவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

திருப்பூர், வானொலி அன்பர்:
கையேடு வாங்குபவர்களில் செய்யுள் எழுதுவோர் குறைவுங்க ஐயா. நான் மெலிவுக்கு ஒப்புகிறேன்.

பொள்ளாச்சி, ஆசிரியர்:
நேரமில்லாததால் 'மெலிவு' என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'லாஸ்' என்பதும் உடன் இருக்கும். புலவர் ஐயா பொறுத்தருள வேண்டும்.

ஈரோடு, புலவர்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்புக்குப் போகாறு பற்றித் தனியே எழுதுவேன். ஊட்டுவடத்தைச் சுருக்கி 'ஊட்டி' என்று ஆறாம் பக்கத்தில் அச்சிட்டிருப்பதையாவது இப்போதே மாற்றுங்கள். 'ஊட்டியில் மெலிவு அதிகம்' என்றால் நீலகிரிக்காரர்கள் என்ன நினைப்பார்கள்?