மீட்கப்பட்ட கொண்டைக்கிளிகளைக் காட்டில் விட ஆலோசனை தேவை
இந்தோனேசியாவின் செராம் தீவைத் தாயகமாகக் கொண்ட காக்கட்டூ கொண்டைக்கிளிகளை மீட்டு, மீண்டும் காட்டில் விடத் தயார்செய்யும் பணியில் இருக்கும் நான் அனுபவமுள்ளோரின் உதவியை நாடுகிறேன். வெட்டப்பட்ட சிறகின் இறகுகள் இறகுதிர்வுக்குப் பின் முளைத்துவிடுகின்றன. ஆனால் பல ஆண்டுகள் சங்கிலியில் கிடந்த பறவை சிறிது தூரம் பறப்பதற்குள் அலகைத் திறந்து மூச்சு வாங்குகிறது. அதைவிடக் கடினம், மனிதக் குரல் கேட்டதும் கம்பியோரம் வந்து தலையைச் சொறியக் கொடுக்கும் பழக்கம் (பேசக் கற்ற கிளிகள்தாம் என் பெருங்கவலை). இதற்கிடையே, இறகுத்தூள் படிந்து சாம்பல் பூத்திருக்க வேண்டிய அலகு ஒரு பறவைக்குக் கரும்பளபளப்பாக மாறியிருப்பதால், அலகு-இறகு நோயோ (கிளிகளிடையே பரவும் வைரஸ் நோய்) என்று ஐயுற்றுத் தனிக்கூண்டில் வைத்துள்ளேன். ஒருமுறை செய்த பிசிஆர் சோதனையில் வைரஸ் தென்படவில்லை. எத்தனை நாள் கழித்து மறுசோதனை செய்து, பிற பறவைகளுடன் சேர்க்கலாம்? மனிதரைக் கண்டால் விலகிப் போகும்படி உங்கள் பறவைகளை எவ்வாறு பழக்கினீர்கள்?