பத்மினியை விடுவதா, வைத்துக்கொள்வதா: புதுப்பிப்பு

அப்பாவின் 1984 பிரீமியர் பத்மினி காருக்கு இதுவரை 1,85,000 ரூபாய் செலவாகிவிட்டது, பட்டறையில் இன்னும் 1,20,000 கேட்கிறார்கள், நிறுத்திவிடலாமா என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். "பெயின்ட்டைப் பார்க்காதீங்க, காரோட அடித்தளத் தகட்டைப் பாருங்க" என்று பலர் சொன்னீர்கள். அப்படியே செய்தேன்.

ஓட்டுநர் பக்க மேட்டைத் தூக்கி, கதவுக்குக் கீழே காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை. ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினால் ஓட்டையை மறைக்கப் பூசியிருந்த பட்டி பொடியாக உதிர்ந்து, முனை மறுபக்கம் போய்விட்டது. உள்ளே தகடே இல்லை. பத்மினிக்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடிதான் வண்டியைத் தாங்குகிறது. அங்கே துரு பிடித்தால் மேலே எத்தனை கோட் அடித்தும் பயனில்லை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் தயவுசெய்து முதலில் இதைப் பாருங்கள்.

1089 சிசி இன்ஜின் மட்டும் அருமையாக இருக்கிறது. நாலு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே உருவாகும் அழுத்தம், சீராக நிற்கிறது.

சரி, முடிவு இதுதான்: வண்டியைப் பிரித்துவிடப் போகிறேன். எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரிடம் பாடி நன்றாக இருந்தும் இன்ஜின் உடைந்த பத்மினி ஒன்று நிற்கிறது. என் இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டும் அவருக்கு. வண்டியைப் பிரித்த 14 நாட்களுக்குள் ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவித்து ஆர்சியை ரத்து செய்ய வேண்டும், அதையும் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த ஸ்டியரிங்கை மட்டும் கழட்டிக் கொண்டு வா" என்றார். ஞாயிற்றுக்கிழமை கழற்றப் போகிறேன்.