ஃபின்ஸ் வாங்கி மாட்டிக்கிட்ட கதைகள்: உங்க காலுக்கு எது ஒத்துவந்தது?

கரைக்காகம்

முதலில் என் கதை. ஸ்கூபா டைவிங்கின் முதல் படிப்பான ஓபன் வாட்டர் முடித்த கையோடு, வாடகைக்குத் தரும் தேய்ந்துபோன ஃபின்ஸ் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) மேல் வெறுப்பு வந்து இணையத்தில் ஒரு ஜோடி வாங்கினேன். ஃபுல் ஃபுட் வகை, அதாவது வெறுங்காலை ஷூவுக்குள் நுழைப்பது போல நுழைக்க வேண்டியது. தரையில் நிறுத்தினால் பிளேடு, அதாவது துடுப்பின் தட்டைப் பகுதி, என் இடுப்பைத் தொடும். கறுப்பும் நீலமுமாக அப்படியொரு அழகு. 11,000 ரூபாய். அது மூச்சடக்கிக் குதிக்கிற ஃப்ரீ டைவர்களுக்கு உள்ளது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

புதுச்சேரியில் டெம்பிள் ரீஃப் என்ற டைவிங் இடம். 18 மீட்டர் ஆழம். அன்றைக்கு ஏழெட்டு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. படகில் அந்த நீளத்தை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்பதே ஒரு கூத்து, பக்கத்தில் இருந்தவரின் ரெகுலேட்டர் (மூச்சுக்கருவி) குழாயை இரண்டு முறை மிதித்தேன். கீழே போன பிறகுதான் நிஜமான தண்டனை. ஃப்ரீ டைவருக்கு முதுகில் சிலிண்டர் இல்லை, மிதவை ஜாக்கெட் இல்லை, அம்பு மாதிரி நேராகப் போய் நேராக வருவார். அவருக்கு அந்த நீளம் வரம். நான் பாறைக்குப் பாறை திரும்ப வேண்டும், நின்று பார்க்க வேண்டும், பின்வாங்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் கதவு ஒன்றைக் காலால் தள்ளுவது போல இருந்தது.

பதினைந்தாவது நிமிடம் வலது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. கூட வந்தவர் ஃபின் நுனியைப் பிடித்து என் பக்கமாக மடக்கி நீவி விட்டார். வலியில் வேகமாக மூச்சு வாங்கி, 200 பார் காற்றழுத்தத்தில் ஆரம்பித்த சிலிண்டர் 26 நிமிடத்தில் 50-க்கு வந்துவிட்டது. மற்றவர்களிடம் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. என்னால் எல்லோரும் சீக்கிரம் மேலே வந்தார்கள். ஒருவரும் திட்டவில்லை, அதுதான் கூடுதல் வலி. குதிகாலில் இரண்டு கொப்புளம் தனிக்கணக்கு.

இப்போது இரண்டாவது ஜோடி வாங்கப் போகிறேன். கடைக்காரர் சொல்வது வேண்டாம். பட்டவர்கள் சொல்லுங்கள்.

சங்குத்துறை

டைவிங் கோர்ஸ் எல்லாம் நமக்குப் பின்னாடி வந்தது. எங்க ஊரு கீழக்கரைப் பக்கம். மாமா சங்கு குளிக்கப் போனவர். அவர் காலில் கட்டினது அலுமினியத் தகடு. தன் பாதத்தைத் தகட்டு மேல வச்சு ஆணியால கோடு கிழிச்சு, அளவா வெட்டி, விளிம்பைச் சுத்தியலால தட்டி மழுக்கி, பழைய ட்யூப் ரப்பர்ல வார் போட்டுக்குவார். ரப்பர் துடுப்புக்கு 1933-லேயே பிரான்ஸ்ல லூயி தெ கோர்லியு காப்புரிமை வாங்கிட்டார்னு பின்னாடி படிச்சேன். எங்க மாமா வரைக்கும் அந்தச் சேதி வந்து சேரலை. ஆனா ஒண்ணு, அடுத்தவர் தகட்டை அவர் கடைசி வரைக்கும் மாட்டினதில்லை. "அவன் காலு அவனுக்கு, என் காலு எனக்கு"ம்பார்.

ஹந்துவாசி

சிங்கப்பூரிலிருந்து. நாங்கள் வார இறுதியில் டைவ் செய்யப் போவது புலாவ் ஹந்து என்ற தீவு. மலாயில் ஹந்து என்றால் பேய். பேய் இருக்கோ இல்லையோ, இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது, தரை முழுக்க மெல்லிய சேறு. அங்கே பார்க்கப் போவது விரல்நகம் அளவுள்ள நுடிபிராங்க் என்கிற ஓடில்லாக் கடல்நத்தைகளை. சேறு கிளம்பினால் அன்றைய டைவ் முடிந்தது.

நான் முதலில் வைத்திருந்தது ஸ்ப்ளிட் ஃபின்ஸ், மீன் வால் போல நடுவில் பிளந்தது. நேராகப் போகும்போது சுகம்தான். ஆனால் அதை மேலும் கீழுமாக வேகவேகமாக அடித்தால்தான் வேலை செய்யும், ஒவ்வொரு அடியும் சேற்றை நோக்கித்தான் போகும். ஒரு நாள் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன், என் கூட்டாளி தெரியவில்லை. நான் கிளப்பிய புழுதிக்குள் கேமராவோடு உட்கார்ந்திருக்கிறார். மேலே வந்ததும் மெமரி கார்டைக் காட்டினார், 40 படம், நாற்பதும் டீ கலர்.

அதற்குப் பிறகுதான் ஃப்ராக் கிக் கற்றேன். தவளை மாதிரி காலை அகட்டி, பாதத்தின் உட்புறத்தால் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சற்று மிதந்து போவது. தண்ணீர் கீழே போகாது, பின்னால் போகும். ஆனால் இதற்குப் பிளேடு விறைப்பாக இருக்க வேண்டும். ஸ்ப்ளிட்டில் தண்ணீர் நடுவில் நழுவிவிடுகிறது. பின்னோக்கி நகரும் உதையை அதில் முயன்று பாருங்கள், நின்ற இடத்தில் நடனம் ஆடுவீர்கள். இப்போது என்னிடம் இருப்பது ஸ்கூபாப்ரோ ஜெட் ஃபின். 1960-களில் வந்த வடிவம், கறுப்பு ரப்பர், குட்டை, அகலம், மேலே காற்றுப்போக்கி மாதிரி துளைகள். அழகு என்று எதுவும் கிடையாது. இருந்த இடத்திலேயே உடலைச் சுற்றித் திருப்பவும், நத்தையை நெருங்கிவிட்டுச் சத்தமில்லாமல் பின்வாங்கவும் முடிகிறது.

மூட்டுவலிக்காரி

ஸ்ப்ளிட் ஃபின்னைத் திட்டாதவர்கள் இந்த உலகத்தில் யாருமே இல்லையா? நான் இருக்கிறேன்.

வயது 52. இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்து அறுவை செய்தது. நீங்கள் புகழ்கிற அதே ரப்பர் ஜெட் ஃபின் சமாசாரத்தை அந்தமான் ஹாவ்லாக் தீவில் ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். இரண்டு டைவ். ராத்திரி விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். ஸ்ப்ளிட்டில் பிளேடு இரண்டாகப் பிரிந்து தண்ணீருக்கு வழி விடுவதால் மூட்டில் ஏறும் பளு குறைகிறது. உதையைப் பெரிதாகப் போடாமல், இடுப்பிலிருந்து சின்னச் சின்னதாக அடிக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்காமல் கொடுத்துவிட்டு "இது வேலைக்கு ஆகாது" என்பார்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். அங்கேயே ஜானீஸ் கார்ஜ் என்ற டைவிங் இடத்தில் நீரோட்டம் எதிரே வந்தபோது நான் முழு மூச்சாக அடித்தும் அதே இடத்தில்தான் இருந்தேன். விறைப்பான ஃபின் போட்டிருந்தவர்களும் ரொம்பத் தள்ளிப் போய்விடவில்லை, அது வேறு விஷயம். வழிகாட்டி கையைக் காட்டித் தரையோரம் இறங்கச் சொன்னார். பாறை மறைவில் ஓட்டம் பாதியாகிவிடுகிறது. ஃபின்னுக்குத் தெரியாத வித்தை அவருக்குத் தெரிந்திருந்தது. கேமரா, சேறு, குகை இதெல்லாம் உங்கள் உலகம். எனக்கு மூட்டு நொறுங்காமல் வீடு வந்தால் போதும்.

திருமலைக்காரன்

நான் திருகோணமலை. பிளேட்டைப் பற்றித்தான் எல்லாரும் கதைக்கிறியள், ஃபின்னைக் குதியோட பிடிக்கிற வாரைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை.

பாசிக்குடாவுக்கு அங்கால பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்டு ஒரு எண்ணெய்க் கப்பல் கிடக்கு. 1942 ஏப்ரல் 9, ஜப்பான் விமானங்கள் ஹேர்மிஸ் எண்ட பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலைத் தாட்ட அதே நாள் தாண்டது. ஹேர்மிஸ் 50 மீட்டருக்கும் கீழ, எங்களை மாதிரி ஆக்களுக்கு எட்டாது. இது 25 மீட்டர் அளவிலதான். அதுக்குப் போன நாள், படகிலயிருந்து பின்பக்கமாச் சரிஞ்சு விழுறன், டக்கெண்டு ஒரு சத்தம். இடது ஃபின்னின்ர பிளாஸ்டிக் கொளுவி உடைஞ்சு போச்சு. வெயிலும் உப்பும் அஞ்சு வருசமாத் திண்ட பிளாஸ்டிக். ஃபின் என்ர கண்ணுக்கு முன்னால சுழண்டு சுழண்டு நீலத்துக்குள்ள போகுது. எட்டிப் பிடிப்பம் எண்டு ஒரு நிமிசம் நினைச்சனான், நல்ல காலம் போகேல்லை.

ஒற்றை ஃபின்னோட நீந்திப் பாத்திருக்கிறியளோ? வட்டம்தான் அடிப்பியள். படகுக்கும் எனக்கும் இருபது மீட்டர், நீரோட்டம் இழுக்குது, மேல அலை. கயிறு எறிஞ்சுதான் இழுத்தவை. மற்ற ஆக்கள் கப்பலைப் பாத்திட்டு வந்து கதை கதையாச் சொல்லுகினம், நான் படகில இருந்து வாழைப்பழம் திண்டுகொண்டிருந்தன்.

அடுத்த நாளே ஸ்பிரிங் வார் வாங்கிப் போட்டன். துருப்பிடிக்காத உருக்குச் சுருள், கொளுவியே இல்லை, குதிக்குப் பின்னால ஒரு இழுவை, அவ்வளவுதான். ஈரக் கையால, படகு ஆடேக்கையும் போடலாம், கழட்டலாம். இன்னுமொண்டு: நிலாவெளிக் கரையிலயிருந்து இறங்கிற ஆக்கள் ஃபுல் ஃபுட் வாங்காதையுங்கோ. உடைஞ்ச முருகைக்கல் வெறுங்காலைக் கிழிச்சுப்போடும். பூட்ஸ் போட்டு மேல திறந்த குதி ஃபின் போடுங்கோ.

பழைய பயிற்றுநர்

திருமலை அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். திறந்த குதி வகை வாங்குவதென்றால் பூட்ஸை முதலில் வாங்குங்கள், பிறகு அதைப் போட்டுக்கொண்டு ஃபின் அளவு பாருங்கள். தலைகீழாகச் செய்து பூட்ஸ் உள்ளே போகாமல் திருப்பிக் கொடுத்தவர்களை எண்ண முடியாது. உள்ளே விரல்கள் அசைய வேண்டும், பாதம் பக்கவாட்டில் ஆடக்கூடாது, காலை உதறினால் குதி எழும்பக்கூடாது. மூன்றும் சரியென்றால் மீதியைப் பேசலாம்.

ஹந்துவாசி கோபிக்க வேண்டாம். ஜெட் ஃபின் தண்ணீரில் மூழ்கும் பொருள். குளிர்நாட்டில் ட்ரை சூட் (தண்ணீர் புகாத, காற்றடைத்த உடை) போடுகிறவருக்குக் காலில் காற்று சேர்ந்து கால் மேலே தூக்கும், அவருக்கு அந்தக் கனம் மருந்து. நம் பக்கத்துக் கடலில் 3 மில்லிமீட்டர் சூட், சிலர் வெறும் ரேஷ் கார்டு என்கிற மெல்லிய நீச்சல் சட்டை. மெலிந்த கால்காரர் அதைக் கட்டினால் இடுப்புக்குக் கீழே தொங்கிப் போகும், நுனி பவளத்தைச் சீவிக்கொண்டே வரும். அப்படி ஒரு மாணவனை லட்சத்தீவில் பார்த்தேன். மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயத்தில் பாதியைச் சிலிண்டர் பட்டைக்கு, தோள் பக்கமாக மாற்றினேன். உடம்பு நிமிர்ந்து கிடையாக வந்துவிட்டது. ஃபின்னை மாற்றவே இல்லை.

வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்: ஆழமான நீச்சல்குளத்தில் நடுநீரில் கிடையாக மிதந்து, ஒரு நிமிடம் கால் அசைக்காமல் இருங்கள். கால் தாழ்ந்தால் ஃபின் கனம், எழுந்தால் லேசு.

கரைக்காகம்

எல்லோருக்கும் நன்றி. வந்து சொல்ல மூன்று மாதம் ஆகிவிட்டது.

பூட்ஸ் முதலில் வாங்கினேன். பிறகு நண்பர்களிடம் கடன் வாங்கி நான்கு ஜோடியைக் குளத்தில் போட்டுப் பார்த்தேன். ஜெட் ஃபின்னில் கால் தொங்கியது, பயிற்றுநர் சொன்னது சரி. ஸ்ப்ளிட் சுகமாக இருந்தது, ஆனால் எனக்குப் பின்வாங்கத் தெரிய வேண்டும் என்று ஆசை. கடைசியில் எடுத்தது நடுத்தர விறைப்பில், குட்டையான, பிளாஸ்டிக் கலவைப் பிளேடு, ஸ்பிரிங் வார். நிறம் மஞ்சள். பார்க்கச் சகிக்கவில்லை.

போன ஞாயிறு அதே டெம்பிள் ரீஃப். 47 நிமிடம். மேலே வந்தபோது 60 பார் மிச்சம். இந்த முறை முதலில் காற்று தீர்ந்தவர் வேறொருவர், நான்தான் ஒன்றும் சொல்லாமல் கூடவே ஏறி வந்தேன்.

அந்த நீள ஃபின்ஸ் இன்னும் பரண் மேல் இருக்கிறது. ஃப்ரீ டைவிங் பழகுகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன். 42-43 அளவு, மூன்றே மூன்று முறை நனைந்தது.