தீம் தேர்வு: பொருள் எண்ணிக்கையைப் பார்ப்பதா, வேறு எதையாவதா?

தராசு: ஆன்லைன் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபையில் புதுக் கடை. இப்போது 15 பொருள், ஓராண்டில் 300 ஆக்கும் எண்ணம். பெரிய கடைக்கான தீமை (கடையின் தோற்றத்தைத் தரும் வார்ப்பை) இப்போதே போடுவதா, சின்னதில் தொடங்கி அப்புறம் மாற்றுவதா?

கடைக்கால்: 15 பொருளுக்குப் பெரிய தீம் வேண்டவே வேண்டாம். பக்கவாட்டில் ஃபில்டர், மெகா மெனு (விரித்தால் எல்லா வகையும் தெரியும் பெரிய மெனு), முகப்பில் ஆறேழு கலெக்‌ஷன் (பொருள் தொகுப்பு) வரிசை என்று நிறையப் பொருளை நம்பிக் கட்டியவை அவை. 15-ஐ அதில் இறக்கினால் ஒரே பொருள் நாலு வரிசையில் திரும்பத் திரும்ப வரும். 'நீலம்' என்று ஃபில்டரைத் தட்டினால் ஒன்றே ஒன்று நிற்கும், சுற்றிலும் வெள்ளை. வருபவருக்குக் கடை காலியாகத் தெரியும். உங்களுக்கு வேண்டியது பெரிய படமும், அளவு, பயன்பாடு, கேள்வி பதில் எல்லாம் விரிவாகச் சொல்ல இடமுள்ள பொருள் பக்கமும்தான்.

நூற்கண்டு: முழுக்க மறுக்கிறேன். வேண்டாததை அணைத்து வைக்கலாமே. இலவசமாகக் கிடைக்கும் டான் தீமிலேயே ஃபில்டருக்கு ஒரு டிக், மெனுவுக்கு டிராப்டவுனா மெகாவா என்று ஒரு தேர்வு. ஆனால் நடுவில் தீம் மாற்றுவது சின்ன வேலையில்லை. பொருள், கலெக்‌ஷன், மெனு, பக்கங்கள் அப்படியே இருக்கும். செக்‌ஷன் (பக்கத்தின் பகுதி) அமைப்புகளும் கோடில் செய்த திருத்தங்களும் புதுத் தீமுக்கு வராது. ஆப் எம்பெட்களை (ஆப்கள் தீமில் சேர்க்கும் துண்டுகளை) அங்கே மறுபடி இயக்க வேண்டும். தனி டெம்ப்ளேட் (பக்க அமைப்பு) கொடுத்த பொருளுக்கு அதே பெயரில் டெம்ப்ளேட் இல்லையென்றால், சத்தமில்லாமல் இயல்பான டெம்ப்ளேட்டுக்குப் போய்விடும். கடை ஓடிக்கொண்டிருக்கும்போது இதையெல்லாம் செய்யச் சொல்கிறீர்களா?

கடைக்கால்: அணைத்தால் கண்ணுக்குத்தான் மறையும். பல தீம்களில் அதற்கான சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோடு எப்படியும் லோடு ஆகும். டெமோ கடையின் பொருள் பக்கத்தையும் கலெக்‌ஷன் பக்கத்தையும் கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் மொபைலுக்குப் போட்டுப் பாருங்கள். முகப்பை மட்டும் சோதித்து ஏமாற வேண்டாம். எல்சிபி (பக்கத்தின் ஆகப் பெரிய படமோ எழுத்தோ தெரிய ஆகும் நேரம்) 2.5 வினாடிக்குள் வராவிட்டால் அந்தத் தீமைத் தள்ளிவிடுங்கள்.

சல்லடை: இரண்டு பேருமே பொருளை எண்ணுகிறீர்கள், வேரியன்ட்டை எண்ணவில்லை. 15 பொருள், ஒவ்வொன்றிலும் 6 நிறம், 4 அளவு என்றால் 360 வேரியன்ட். அங்கே மெனு முக்கியமே இல்லை. நிறத்தைத் தட்டினால் படம் மாறுகிறதா, தீர்ந்துபோன அளவு மங்கித் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. மாறாக, வேரியன்ட்டே இல்லாத 300 புத்தகத்துக்குத் தேடுபெட்டிதான் உயிர். ஒரு பொருளுக்கு 100 வேரியன்ட் என்ற வரம்பை ஷாப்பிஃபை 2025-இல் 2048 ஆக்கியது. ஆனால் எல்லா வேரியன்ட்டையும் பக்கத்திலேயே கொட்டும் பழைய தீம்கள் 250-க்கு மேல் தடுமாறும். வேர்ட்பிரஸில் கடை போட உதவும் வூகாமர்ஸிலும் இது உண்டு: 30 வேரியேஷனைத் தாண்டினால், வாங்குபவர் நிறமும் அளவும் தேர்ந்தெடுத்த பிறகுதான் ஸ்டாக் விவரத்தைச் சர்வரிடம் கேட்டு வாங்கும், அதனால் இல்லாத சேர்க்கை முன்கூட்டியே மங்காது.

நூற்கண்டு: வேரியன்ட் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் 300 வரும்போது இடிப்பது கலெக்‌ஷன் பக்கம்தான். பக்கத்துக்கு 24 வைத்தால் 13 பக்கம். ஒன்பதாம் பக்கம் வரை யார் புரட்டுவார்கள்? ஃபில்டர் இருந்தே ஆக வேண்டும். முடிவில்லா ஸ்க்ரோல் உள்ள தீம் என்றால் ஒன்றைச் சோதியுங்கள்: நாற்பதாவது பொருளைத் திறந்து பேக் அழுத்துங்கள். உச்சிக்கே தூக்கி எறிந்தால் அதை வாங்காதீர்கள்.

சல்லடை: வரிசைக் கணக்கையும் பாருங்கள். டானில் பக்கத்துக்கு 8 முதல் 36 வரை, நாலு நாலாகத்தான் ஏற்ற முடியும். ஐந்து பத்தி வைத்தால் 20 ஒன்றுதான் மீதமில்லாமல் நிரம்பும். மற்ற எதிலும் கடைசி வரிசை பல்லிளிக்கும். கணினியில் நாலு, மொபைலில் இரண்டு என்றால் எந்த எண்ணும் பொருந்தும்.

தராசு: அப்படியானால் முதல் நாளே என்ன செய்து வைக்கலாம்?

கடைக்கால்: கட்டணத் தீமையும் வாங்கும் முன் உங்கள் கடையிலேயே போட்டுப் பார்க்கலாம். டெமோவின் அழகுப் படங்களை விட்டுவிட்டு, உங்களிடம் இருப்பதில் ஆக நீளமான படம், ஆக நீளமான பெயர் இரண்டையும் ஏற்றிப் பாருங்கள். பட விகிதம் 'அடாப்ட்' (படத்தின் வடிவத்தையே பின்பற்றுவது) என்றிருந்தால் ஒரே வரிசையில் ஒரு கார்டு உயரம், அடுத்தது குட்டை. சதுரம் ஆக்கினால் நீளப் படத்தின் தலையும் காலும் வெட்டுப்படும். ஆகவே எல்லாப் படத்தையும் 2048×2048 சதுரமாகவே எடுத்துவிடுங்கள். எந்தத் தீமுக்குப் போனாலும் கூட வரும்.

நூற்கண்டு: அதோடு ஃபில்டருக்கான மெட்டாஃபீல்டுகளை (பொருளின் கூடுதல் விவரப் பெட்டிகளை) 15 பொருள் இருக்கும்போதே நிரப்பத் தொடங்குங்கள். 300 ஏறிய பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து நிரப்புவது பெரும்பாடு. நிரப்பாத பொருள் அந்த ஃபில்டரில் சிக்காது, ஸ்டாக்கில் இருந்தும் கண்ணில் படாது.