வாஷிங்டனுக்கு வீடு மாறுகிறோம், என் 17 தோட்டா மேகசின்களை என்ன செய்வது?

போய்சி மலர்:

வணக்கம். ஆறு வருடமாக ஐடஹோவில், போய்சியில் இருக்கிறோம். கணவருக்கு வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேனில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் வீடு மாறுகிறோம்.

என்னிடம் ஒரு க்ளாக் 17 கைத்துப்பாக்கி இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு நான் தனியாக இருந்த ஒரு ராத்திரி, யாரோ பின்கதவின் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அதற்கப்புறம்தான் முறையாகப் பயிற்சி எடுத்து இதை வாங்கினேன். கூடவே மூன்று மேகசின்கள், அதாவது தோட்டாக்களை நிரப்பித் துப்பாக்கியில் செருகும் பெட்டிகள், வந்தன. மேகசினின் பின்பக்கம் சின்னச் சின்னத் துளைகள், பக்கத்தில் எண்கள். கடைசி எண் 17. ஐடஹோவில் இதற்கு எந்த வரம்பும் இல்லை.

வாஷிங்டனில் பத்துத் தோட்டாவுக்கு மேல் கூடாதாம். ஆனால் அந்த மாநிலத்தின் அரசியலமைப்பையே தேடிப் படித்தேன். தன்னையோ மாநிலத்தையோ காத்துக்கொள்ள ஆயுதம் ஏந்தும் தனிமனித உரிமைக்குக் குறை வரக்கூடாது என்று முதல் ஷரத்தின் 24ஆவது பிரிவில் இருக்கிறது. 1889இல் எழுதியது. இவ்வளவு தெளிவாக எழுதி வைத்துவிட்டு எப்படித் தடை போட முடிகிறது? ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்றும் கேள்விப்பட்டேன். அப்படியானால் நானும் கொண்டுவரலாம்தானே?

லாங்வியூ ரவி:

மலர், அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டிவிடாதீர்கள். 2022 ஜூலை 1 முதல் பத்துத் தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசினை வாஷிங்டனில் செய்யவோ விற்கவோ வெளியிலிருந்து கொண்டுவரவோ கூடாது. வைத்திருப்பது குற்றமில்லை, கொண்டுவருவதுதான் குற்றம். குடிமாறி வருபவருக்கும் இதே கதைதான். மீறினால் 364 நாள் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம்.

என்னிடம் 2019இல் இங்கேயே வாங்கிய 15 தோட்டா மேகசின்கள் இரண்டு உண்டு. ஐடஹோவில் சுடும் போட்டிக்குப் போகும்போது எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவருகிறேன். இங்கிருந்து எடுத்துப்போன அதே மேகசினோடு திரும்புவதைச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. இருந்தாலும் அந்த 2019 ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சி இடத்துக்கு, எடுத்துப்போகும் பையிலேயே வைத்திருக்கிறேன்.

அரசியலமைப்புக் கேள்விக்கு வருகிறேன். இந்தச் சட்டம் பற்றிய வழக்கு எங்கள் பக்கத்து ஊரான கெல்சோவில் ஒரு துப்பாக்கிக் கடையைச் சுற்றி வந்தது. 2024 ஏப்ரல் 8 அன்று கௌலிட்ஸ் கவுண்டி நீதிபதி கேரி பாஷர் சட்டமே செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். வேலையிடத்தில் நண்பர் போனில் சொன்னார். கடைக்குக் கிளம்பலாமா என்று யோசிப்பதற்குள் மாநில உச்ச நீதிமன்றத்திலிருந்து அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை வந்துவிட்டது. நடுவில் ஒன்றரை மணி நேரம்கூட முழுசாக இருந்திருக்காது.

2025 மே 8 அன்று அந்த நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் சட்டத்தைக் காப்பாற்றியது. நீங்கள் படித்த பிரிவு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்த உரிமையை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தலாம் என்ற இடத்துக்கு நீதிமன்றம் போகவே இல்லை. பெரிய மேகசின் 'ஆயுதமா' என்ற வாசலிலேயே நின்று, இல்லை என்று சொல்லிவிட்டது. இதற்கு முன்னோடி 2015இல் வந்த சியாட்டில் வழக்கு. காய் நறுக்கும் சின்னக் கத்தியைத் தற்காப்புக்காகப் பையில் வைத்திருந்தவருக்கு, இது சமையலறைச் சாமான், ஆயுதமாகச் செய்யப்பட்டதல்ல, ஆகவே அரசியலமைப்புப் பாதுகாப்பு இல்லை என்றார்கள்.

என் மனதுக்கு இது ஒப்பவே இல்லை. காய்கறிக் கத்தி சமையலுக்குச் செய்தது. மேகசின் எதற்குச் செய்தது? ஒவ்வொரு தடவை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல், மேகசின் இல்லாமல் வேலை செய்ய வேண்டிய விதத்தில் வேலை செய்யாது. மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர்களும் இதைத்தான் சொன்னார்கள். அவர்கள் பக்கம்தான் நான்.

அரோரா தேவகி:

ரவி தம்பி, சட்டப்படி நீங்கள் சொன்னது சரி. மற்றதில் எனக்கு வேறு கருத்து.

நான் கொலராடோவில், அரோராவில் செவிலியாக வேலை பார்க்கிறேன். 2012 ஜூலை 20 அன்று எங்கள் ஊர்த் திரையரங்கில் 12 பேர் இறந்தார்கள். சுட்டவனின் துப்பாக்கியில் இருந்தது 100 தோட்டா டிரம், அதாவது வட்டமான பெரிய மேகசின். அது நடுவில் சிக்கிக்கொண்டது. சிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். அதற்கு முந்தைய வருடம் அரிசோனாவின் டூசானில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 33 தோட்டா மேகசின் காலியாகி, அடுத்ததை மாற்றப் போன நேரத்தில்தான் பக்கத்தில் இருந்தவர்கள் சுட்டவனை அமுக்கிப் பிடித்தார்கள். அந்தச் சில நொடிக்காகத்தான் நான் வரம்பை ஆதரிக்கிறேன்.

எங்கள் மாநில அரசியலமைப்பிலும், இரண்டாம் ஷரத்தின் 13ஆவது பிரிவில், வீட்டையும் உயிரையும் உடைமையையும் காக்க ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இருக்கிறது. 2013இல் 15 தோட்டா வரம்பு வந்தது. அதையும் சேர்த்துப் புதிய துப்பாக்கிச் சட்டங்களை ஆதரித்ததற்காக இரண்டு மாநில செனட்டர்களை மக்கள் திரும்ப அழைத்துப் பதவியிறக்கினார்கள். வழக்கு 2020இல் எங்கள் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. மக்கள் பாதுகாப்புக்காக அரசுக்கு உள்ள அதிகாரத்தை நியாயமாகப் பயன்படுத்தியிருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள், ஆம் என்றார்கள். அந்த வழக்கில் மேகசினின் அடித்தட்டு பெரிய விஷயமாக இருந்தது. சுத்தம் செய்வதற்காக அநேகமாக எல்லா மேகசினிலும் அடித்தட்டைக் கழற்றலாம். அங்கே நீட்டிப்பு மாட்டினால் கூடுதல் தோட்டா பிடிக்கும். அப்படியானால் எல்லா மேகசினுமே தடைக்குள் வந்துவிடுமே என்பது எதிர்த்தரப்பு வாதம். அடித்தட்டு கழல்கிறது என்பதற்காக மட்டும் தடைக்குள் வராது என்று நீதிமன்றம் தெளிவாக்கியது.

லாங்வியூ ரவி:

தேவகி அக்கா, நீங்கள் அந்த ஊர்க்காரர். அதை மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. உங்கள் நீதிமன்றம் போன வழியும் எனக்கு மேலாகத்தான் படுகிறது. உரிமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, வரம்பு நியாயமா என்று எடைபோட்டார்கள். வெர்மான்ட்டிலும் 2021இல் ஏறக்குறைய அப்படித்தான். அங்கே கைத்துப்பாக்கிக்கு 15, நீளத் துப்பாக்கிக்கு 10. எடைபோட்டுத் தோற்றிருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

மலர், போர்ட்லாண்ட் பக்கம் போவதாக இருந்தால் அது இருக்கும் ஆரிகன் மாநிலத்தையும் கவனியுங்கள். 2022இல் அங்கே மக்கள் வாக்கெடுப்பிலேயே பத்து என்ற வரம்பு நிறைவேறியது. ஹார்னி கவுண்டி நீதிபதி நிறுத்திவைத்தார், 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது, அப்புறம் வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கிளம்புகிற அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

போய்சி மலர்:

ரவி அண்ணா, தேவகி அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. மூன்று மேகசினையும் போய்சியிலேயே நாத்தனாரிடம் கொடுத்துவிடுகிறேன், அவரிடமும் க்ளாக் 17தான். நேற்றே பத்துத் தோட்டா மேகசின் இரண்டு வாங்கிவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் அதே உயரம்தான். துளைகள் மட்டும் பத்தோடு நின்றுவிடுகின்றன. சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போய் மேகசின் மாற்றுவதை மட்டும் ஒரு மணி நேரம் பழகப் போகிறேன்.