கற்பூரம் அணைந்த பிறகும் பேசினார்

குழு: எங்கட ஒழுங்கை, திருகோணமலை
வெள்ளி இரவு

மூலைவீட்டு அக்கா, 8.14: கோயிலால் எல்லாரும் வீடு வந்தாச்சா? எனக்குக் கடலை கிடைக்கவில்லை. பேச்சு மட்டும் வயிறு நிறையக் கிடைத்தது.

ரீச்சர் அன்ரி, 8.16: குருக்கள் கற்பூரத் தட்டோடு நின்றதைப் பார்த்தீர்களா? "ஒரு நிமிஷம் ஐயா" என்று அந்த அரசியல்வாதி மைக்கை வாங்கினார். கற்பூரம் எரிந்து அணைந்து, குருக்கள் இன்னொரு கட்டி வைத்து, அதுவும் பாதி போன பிறகுதான் "அம்பாளே என்னை அனுப்பினா" என்று முடித்தார்.

சவுண்ட் தம்பி, 8.17: அவருடைய நோட்டீசைக் கோட்டையடியில் மான் தின்றுவிட்டது அன்ரி. அரை முகம்தான் மிச்சம்.

கடை நானா, 8.21: உங்களுக்காவது யார் அனுப்பியது என்று தெரிகிறது. கிண்ணியாவில் என் மாமனார் வீட்டுப் பக்கம் ஒருவர் வருவார். மையவாடிக்கு, அதுதான் எங்கட மயானத்துக்கு, வீதி எப்போது என்று கேட்டால் "இன்ஷா அல்லாஹ்". இறைவன் நாடினால் என்று நாங்கள் பயத்தோடு சொல்கிற சொல். அவர் வாயில் அது "பார்ப்போம்" ஆகிவிட்டது.

சவுண்ட் தம்பி, 8.21: வீதி வந்ததா நானா?

கடை நானா, 8.22: தார் பீப்பா ஒன்று வந்தது. இரண்டு மாரி நனைந்துவிட்டது.

கச்சேரி ஐயா, 8.27: தேர்தல் வேலை செய்தவன் என்பதால் சொல்கிறேன். 1981ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தல் சட்டப்படி, வாக்காளனை ஆன்மீகத் தீங்கு வரும் என்று மிரட்டினாலும் குற்றம். தேர்தல் நேரத்தில் வழிபாட்டிடத்தில் வைத்து வாக்குக் கேட்டாலும் குற்றம். இப்போது தேர்தல் இல்லை. அதனால்தான் இப்போதே வருகிறார்கள்.

மூலைவீட்டு அக்கா, 8.30: கும்பிடுகிறவர் அம்பாள் பெயரைச் சொல்லக் கூடாதா ஐயா? கடவுள் பயம் இல்லாதவன் வந்தால் மட்டும் திறமோ?

கம்பஸ் பிள்ளை, 8.36: சொல்லலாம் அக்கா. யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பதுதான் விஷயம். 1865 மார்ச்சில், அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிகிற நேரம், ஜனாதிபதி லிங்கன் இரண்டாம் முறை பதவியேற்றபோது பேசியதில் பாதி வேதாகமம்தான். இரு பக்கமும் ஒரே வேதாகமத்தை வாசித்து ஒரே கடவுளிடம் மன்றாடுகிறது என்றார். அடிமை முறைக்குத் தண்டனையாக வந்த போர் வடக்குக்கும் தெற்குக்கும் சேர்த்துத்தான் என்றார். இத்தனைக்கும் அவர் வெல்லப்போகிற பக்கம். அதே நாட்டில் ஜனாதிபதி புஷ், 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்து ஐந்தாம் நாள் "சிலுவைப் போர்" என்றார். அவர் ஊரில் அது பெரிய முயற்சி எதற்கும் வழங்குகிற சொல். வெளியே கேட்டவர்களுக்கு முஸ்லிம்களோடு நடந்த பழைய மதப் போர் என்றுதானே விளங்கும்? இரண்டு நாளில் வெள்ளை மாளிகை வருத்தம் தெரிவித்தது.

கடை நானா, 8.38: வாப்பா அந்தச் செய்தியோடு றேடியோவை நிறுத்திவிட்டு எழும்பிப் போனது ஞாபகம்.

ரீச்சர் அன்ரி, 8.43: அமெரிக்கா வரைக்கும் ஏன் போவான். 1977இல் ஜே.ஆர். ஜயவர்த்தனா "தர்மிஷ்ட சமுதாயம்", அதாவது தர்மப்படி நடக்கிற சமுதாயம், என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டார். தர்மம் எங்கள் சொல்லும்தானே என்று என் ஐயாவுக்கும் சந்தோஷம். யூலையில் வென்றார், ஓகஸ்டில் தமிழருக்கு எதிராகக் கலவரம். ஐயா காணி உறுதியைத் தலையணை உறைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு படுத்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தர்மம் என்றால் பிச்சை போடுவது மட்டும்தான்.

கச்சேரி ஐயா, 8.46: சொல்லும் தேவையில்லை ரீச்சர். 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச அநுராதபுரம் ருவன்வெலிசாயவில் ஜனாதிபதியாகப் பதவியேற்றார். தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு கட்டியது என்று பழைய பௌத்த வரலாற்று நூலான மகாவம்சம் சொல்கிற தூபி. அவர் வாய் திறக்க முதலே இடம் பேசிவிட்டது.

மூலைவீட்டு அக்கா, 8.48: அது அவர்கள். எங்கள் கோயிலில் எங்கள் அம்பாளைத்தானே சொன்னார்.

ரீச்சர் அன்ரி, 8.51: ஒழுங்கையில் பதினாலு வீடு. நாலு வீடு வேதக்காரர், மூன்று வீடு முஸ்லிம் ஆட்கள். "அம்பாள் பிள்ளைகளுக்குத்தான் என் சேவை" என்று அவர் சொன்ன நேரம் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டு நின்றது யார்? நானாவின் மகன். கரண்டியை வாளிக்குள் வைத்துவிட்டு ஒருக்கால் நிமிர்ந்து பார்த்தான்.

மூலைவீட்டு அக்கா, 8.52: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மூலைவீட்டு அக்கா, 8.57: எனக்கும் அவன்தான் மோர் தந்தான். அந்த வசனத்தை நான் கவனிக்கவில்லை.

கடை நானா, 8.58: விடுங்கள் அக்கா. வீட்டுக்கு வந்து, மோருக்கு உப்புக் காணாது என்றுதான் சொன்னான்.

கச்சேரி ஐயா, 9.03: தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் கிறிஸ்தவர். காங்கேசன்துறைச் சைவச் சனம் வாக்குப் போட்டது. தமிழரைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்று அவர் சொன்னதாக இன்றும் மேடைக்கு மேடை இழுக்கிறார்கள். அவர் கையை விரித்துச் சொன்னது. இவர்கள் அந்தக் கடவுளே தாங்கள்தான் என்கிற மாதிரிச் சொல்கிறார்கள்.

சவுண்ட் தம்பி, 9.05: அடுத்த வெள்ளியும் மைக் என் பொறுப்புத்தான். கற்பூரம் ஏற்றினதும் ஒயரைக் கழற்றிவிடட்டுமா?

ரீச்சர் அன்ரி, 9.06: கழற்றாதே. நாதஸ்வரமும் அதில்தான் போகிறது.

மூலைவீட்டு அக்கா, 9.07: சரி தம்பி, கடலையில் எனக்கு ஒரு சரை எடுத்து வை.